உண்ட உணவு உடலில் சேர்வது எப்படி?

உணவில் என்னென்ன சத்துகள் இருக்கின்றன என்பது ஒரு கேள்வி. உண்டவரின் உடலில் அவற்றில் எவ்வளவு சேர்கிறது என்பது வேறொரு கேள்வி. முதலாவது கேள்விக்கான விடை இப்போதெல்லாம் உணவுப் பொட்டலங்களின் மேலட்டையிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. இரண்டாவது கேள்விக்கு அவ்வளவு எளிதில் விடை கிடைப்பதில்லை.

ஆனால் காலரா கண்டு சில மணி நேரத்தில் உயிரிழக்கக்கூடிய ஒருவரைக் காப்பாற்ற முடியுமா என்பதும், மாத்திரை உட்கொண்டும் இரத்தச் சோகை நீங்காத பெண்ணுக்கு என்ன செய்வது என்பதும், உணவு கொடுத்தும் ஒரு குழந்தை ஏன் வளரவில்லை என்பதும் இந்த இரண்டாவது கேள்வியோடு பிணைந்தவை.

வாயில் தொடங்கி ஆசனவாயில் முடியும் உணவுப்பாதை, உடலின் ஊடாகச் செல்லும் ஒரு நீண்ட குழாய். அந்தக் குழாய்க்குள் இருக்கும் வரை உணவு உடலுக்கு வெளியில் இருப்பதாகவே மருத்துவர்கள் கொள்கிறார்கள். குழந்தை தவறுதலாக விழுங்கிவிட்ட நாணயம் பெரும்பாலும் எந்த மாற்றமும் இன்றி வெளிவந்துவிடுவது இதனால்தான். உணவு உடலில் சேர வேண்டுமானால் அது அந்தக் குழாயின் சுவரைக் கடந்தாக வேண்டும்.

ஒற்றை உயிரணுச் சுவர்

இவ்வாறு கடப்பதில் பெரும்பகுதி சிறுகுடலில் நடைபெறுகிறது. வாயில் மெல்லப்படுவதும், இரைப்பையில் அமிலத்தோடு கலந்து கூழாவதும் அதற்கான ஆயத்தங்களே. இரைப்பையிலிருந்து நேராக இரத்தத்துக்குள் செல்பவை மதுசாரம் போன்ற மிகச் சில பொருட்கள்தாம்.

சிறுகுடலின் உட்புறம் வழவழப்பான குழாயாக இல்லாமல், பூந்துவாலையின் பரப்பைப் போன்று இலட்சக்கணக்கான நுண்ணிய நீட்சிகளால் நிறைந்திருக்கிறது. குடலுறிஞ்சிகள் எனப்படும் இவை ஒவ்வொன்றும் ஒரு மில்லி மீட்டர் அல்லது அதற்கும் குறைவான உயரம் கொண்டவை. இவற்றின் மேலுள்ள ஒவ்வொரு உயிரணுவிலும் அதைவிட நுண்ணிய இழைகள் இருக்கின்றன. உணவைத் தொடும் பரப்பை இந்த அமைப்பு பன்மடங்காக்குகிறது. சிறுகுடலை விரித்தால் ஒரு டென்னிஸ் ஆடுகளம் அளவுக்கு இருக்கும் என்று பாடநூல்கள் நெடுங்காலம் கூறி வந்தன. அது மிகைப்படுத்தப்பட்ட கணக்கு. 2014 ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் மீண்டும் அளந்து பார்த்ததில் அந்தப் பரப்பு சுமார் 30 சதுர மீட்டர் என்று தெரியவந்தது. ஒரு மனிதரின் வயிற்றுக்குள் சுருண்டு கிடக்கும் குழாய்க்கு அதுவும் பெரிய பரப்புதான்.

உணவுக்கும் இரத்தத்துக்கும் இடையில் நிற்பது இந்தப் பரப்பின் மேல் ஒரே வரிசையாக அடுக்கப்பட்ட உயிரணுக்கள் மட்டுமே. மூன்று முதல் ஐந்து நாட்களுக்கு ஒருமுறை அவை உதிர்ந்து புதியவை முளைக்கின்றன. அவை பெரிய பொருட்களை உள்ளே விடுவதில்லை. எனவே சோற்றிலும் ரொட்டியிலும் உள்ள மாப்பொருள் குளுக்கோஸ் போன்ற எளிய சர்க்கரைகளாகவும், பருப்பிலும் மீனிலும் உள்ள புரதம் அமினோ அமிலங்களாகவும் அவற்றின் சிறு கோவைகளாகவும் உடைய வேண்டும். கணையம் சுரக்கும் நொதிகளும், குடற்சுவரில் பதிந்துள்ள நொதிகளும் இந்த வேலையைச் செய்கின்றன.

கொழுப்பின் வழி வேறு. நீரில் கரையாத அதனைப் பித்தநீர் நுண்துளிகளாக்குகிறது. சுவரைக் கடந்த பின்னரும் கொழுப்பின் பெரும்பகுதி நேரடியாக இரத்தத்தில் கலப்பதில்லை. நிணநீர் நாளங்கள் வழியாகச் சுற்றிச் சென்று கழுத்தருகே இரத்தத்தோடு சேர்கிறது. ஏ, டி, ஈ, கே ஆகிய உயிர்ச்சத்துகளும் கொழுப்போடு சேர்ந்தே பயணம் செய்கின்றன. கீரையையும் கரட்டையும் சிறிது எண்ணெய் சேர்த்துச் சமைத்தால் அவற்றிலுள்ள கரோட்டின் கூடுதலாக உடலில் சேர்வதற்கு இதுவே காரணம்.

சத்துகளைப் பற்றிப் பேசும்போது தண்ணீர் பெரும்பாலும் மறக்கப்பட்டு விடுகிறது. நாளொன்றுக்கு எட்டு அல்லது ஒன்பது லிட்டர் நீர் சிறுகுடலுக்குள் வருகிறது. குடிநீரும் உணவிலுள்ள நீரும் அதில் ஏறக்குறைய 2 லிட்டர்தான். எஞ்சியது உமிழ்நீர், இரைப்பைச் சாறு, பித்தநீர், கணையச் சாறு என்று உடலே சுரப்பது. இதில் 200 மில்லி லிட்டருக்கும் குறைவான நீரே மலத்தோடு வெளியேறுகிறது. மற்றதனைத்தையும் குடல் திரும்ப எடுத்துக்கொள்கிறது. இந்த ஏற்பாடு குலைந்தால் என்ன நேரும் என்பதற்குக் காலராவை விடக் கொடிய உதாரணம் இல்லை.

உப்பும் சர்க்கரையும்

காலராக் கிருமியின் நச்சு குடற்சுவரைத் துளைப்பதில்லை. சுவரிலுள்ள உயிரணுக்களை ஓயாது உப்பையும் நீரையும் வெளியே கொட்டுமாறு தூண்டிவிடுகிறது. நோய் கடுமையானால் மணிக்கு ஒரு லிட்டர் வரை நீர் வெளியேறக்கூடும். நரம்பு வழியாக உப்பு நீரை ஏற்றினால் நோயாளி பிழைத்துக்கொள்வார் என்பது முன்பே தெரிந்திருந்தது. ஆனால் அதற்குக் கிருமி நீக்கிய திரவமும், ஊசியும், பயிற்சி பெற்றவர்களும் தேவை. காலரா பரவும் இடங்களில் இல்லாதவையும் இவைதாம். வெறும் உப்பு நீரைக் குடிக்கக் கொடுத்தால் அது உடலில் சேராமல் பேதியோடு போய்விடும்.

இதற்கான விடை காலரா ஆய்விலிருந்து வரவில்லை. குடல் சர்க்கரையை எவ்வாறு உறிஞ்சுகிறது என்பதை ஆராய்ந்துகொண்டிருந்த அமெரிக்க உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன், 1960 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பிராக் நகரில் நடைபெற்ற அறிவியல் கூட்டமொன்றில் தமது கருத்தை முன்வைத்தார். குடற்சுவரில் குளுக்கோஸுக்கு என்று ஒரு வாசல் இருக்கிறது. சோடியம் உடன் வந்தால் மட்டுமே அது திறக்கும் என்பதுதான் அவரது கருத்தின் சாரம். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறோடு இரண்டு சோடியம் அயனிகள் உள்ளே செல்கின்றன என்பதும், அவற்றைத் தொடர்ந்து நீரும் செல்கிறது என்பதும் பின்னர் உறுதியாயின. அந்த வாசலாக இயங்கும் புரதத்தின் மரபணு 1987 ஆம் ஆண்டில் அடையாளம் காணப்பட்டது.

காலரா நச்சு இந்த ஒரு வாசலை மட்டும் அடைப்பதில்லை என்பதே இதில் முக்கியமான செய்தி. பேதி நிற்காமல் போய்க்கொண்டிருக்கும்போதும், உப்பையும் குளுக்கோஸையும் சரியான அளவில் கலந்து கொடுத்தால் நீர் உடலுக்குள் செல்லும்.

சரியான அளவு என்பது வெறும் சொல் அல்ல. 1960களின் தொடக்கத்தில் பிலிப்பைன்ஸில் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ராபர்ட் பிலிப்ஸ் தலைமையில் இத்தகைய கரைசல் சோதிக்கப்பட்டபோது, அது அடர்த்தி மிக்கதாக இருந்ததால் சில நோயாளிகள் உயிரிழந்தனர். அந்த முயற்சி கைவிடப்பட்டது. பின்னர் 1968 ஆம் ஆண்டில், அப்போது கிழக்குப் பாகிஸ்தானின் தலைநகராக இருந்த டாக்காவின் காலரா ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய இளம் மருத்துவர்களான டேவிட் நேலினும் ரிச்சர்ட் கேஷும், நோயாளி இழக்கும் நீரை அளந்து அதே அளவுக்குக் கரைசலைக் குடிக்கக் கொடுத்துப் பார்த்தனர். நரம்பு வழியாக ஏற்ற வேண்டிய திரவத்தின் தேவை ஏறக்குறைய 80 விழுக்காடு குறைந்தது.

ஆய்வுக்கூடத்துக்கு வெளியிலும் இது பலிக்குமா என்ற கேள்வி எஞ்சியிருந்தது. 1971 ஆம் ஆண்டு பங்களாதேஷ் விடுதலைப் போரின்போது ஏறக்குறைய 1 கோடி பேர் அகதிகளாக இந்தியாவுக்குள் வந்தனர். மேற்கு வங்கத்தின் எல்லையோர நகரான பன்காவுனில் காலரா பரவியது. அங்கு அனுப்பப்பட்ட கல்கத்தா மருத்துவர் திலீப் மஹாலனபிஸ், மருத்துவமனைத் தரையெங்கும் நோயாளிகள் கிடந்ததையும், அவர்களுக்கு ஊசி ஏற்ற மலத்திலும் வாந்தியிலும் மண்டியிட வேண்டியிருந்ததையும் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தது.

அவர் ஒரு முடிவெடுத்தார். ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்ற கணக்கில் கல்கத்தாவில் பொட்டலங்கள் கட்டப்பட்டன. முகாமில் அவை பீப்பாய்களில் கரைக்கப்பட்டன. நோயாளிகளின் உறவினர்களே குவளைகளில் பிடித்துச் சென்று ஊட்டினார்கள். அதுவரை 30 விழுக்காடு அளவில் இருந்த இறப்பு, அவரது குழுவினரின் பராமரிப்பில் 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. மஹாலனபிஸ் 2022 ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் காலமானார். மறு ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருதை அறிவித்தது. அவரது பெயர் அவர் வாழ்ந்த நகரிலேயே பலருக்குத் தெரியாமல் இருந்தது என்பது இந்த வரலாற்றின் ஒரு பகுதி.

பங்களாதேஷில் பிராக் என்ற தொண்டு அமைப்பு 1980 முதல் பத்து ஆண்டுகளில் 1 கோடியே 20 இலட்சம் வீடுகளுக்குப் பெண் ஊழியர்களை அனுப்பியது. மூன்று விரல்களால் எடுக்கும் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர் என்பதே அவர்கள் கற்பித்த பாடம். தாய்மார் அந்தப் பாடத்தை எந்த அளவுக்கு நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று பின்னர் சோதித்து, அதற்கேற்பவே ஊழியர்களுக்கு ஊதியம் வழங்கப்பட்டது.

உலக சுகாதார நிறுவனம் 2002 ஆம் ஆண்டில் தனது கலவையைத் திருத்தியது. இப்போதைய பொட்டலத்தில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸும் 2.6 கிராம் உப்பும் இருக்கின்றன. பொட்டாசியம் குளோரைடும் சோடியம் சிட்ரேட்டும் சேர்கின்றன. முன்பைவிட அடர்த்தி குறைந்த இந்தக் கரைசலால் பேதியின் அளவும் வாந்தியும் குறைகின்றன. இலங்கையில் ஜீவனி என்ற பெயரில் வீடுகளில் அறிமுகமான பொட்டலமும் இத்தகைய கரைசலுக்கானதே. குளிர்பானங்களையும் பழச்சாறுகளையும் இதற்கு மாற்றாகக் கொடுப்பது தவறு. அவற்றில் உப்பு மிகக் குறைவு. மிகுதியான சர்க்கரை, உடலிலுள்ள நீரைக் குடலுக்குள் இழுத்து பேதியை மோசமாக்கும்.

அரிசிக் கஞ்சியின் நிலை வேறு. அதிலுள்ள மாப்பொருள் குடலில் சிறிது சிறிதாகவே குளுக்கோஸாக உடைகிறது. எனவே நீரை வெளியே இழுக்காமல் வாசலைத் திறந்துகொண்டே இருக்கிறது. 1980களில் டாக்காவில் அரிசி மாவைக் கொண்டு தயாரித்த கரைசல் காலரா நோயாளிகளிடம் நல்ல பலன் அளித்தது. பேதி கண்டவருக்கு உப்பிட்ட கஞ்சி கொடுக்கும் தமிழர் வீட்டு வழக்கத்துக்கு அறிவியல் அடிப்படை இருக்கிறது என்று இதைக் கொண்டு கூறலாம். ஆயினும் கடும் பேதிக்குக் கஞ்சி மட்டும் போதாது.

1980களின் தொடக்கத்தில் உலகெங்கும் ஆண்டுதோறும் ஐந்து வயதுக்குட்பட்ட 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் வயிற்றுப்போக்கால் உயிரிழந்தனர் என்று மதிப்பிடப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் 2024 ஆம் ஆண்டில் வெளியிட்ட மதிப்பீடு சுமார் 4 இலட்சத்து 40 ஆயிரம். தூய நீர், தடுப்பூசி, மேம்பட்ட உணவு ஆகியவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. இருப்பினும் வயிற்றுப்போக்கு காணும் குழந்தைகளில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே இந்தக் கரைசல் இன்னமும் கிடைக்கிறது. இந்தியாவின் பீகார், கர்நாடக மாநிலங்களில் நடத்தப்பட்டு 2024 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு இதற்கான காரணத்தைத் தேடியது. பொட்டலங்கள் கையிருப்பில் இல்லாமை அதில் சிறு பங்கே வகித்தது. நோயாளி இதை விரும்ப மாட்டார் என்று மருத்துவம் செய்வோரே கருதிக்கொள்வதுதான் பெருங்காரணமாக இருந்தது.

இரும்பு எனும் சிக்கல்

குளுக்கோஸ் வந்தால் குடல் ஏறக்குறைய முழுவதையும் எடுத்துக்கொள்ளும். இரும்பின் விடயத்தில் அது கஞ்சத்தனம் காட்டுகிறது. மிகுதியான இரும்பை வெளியேற்றும் வழி மனித உடலில் இல்லை. மிகுந்தால் அது கல்லீரலையும் இதயத்தையும் பாதிக்கும். ஆகவே கட்டுப்பாடு முழுவதும் நுழைவாயிலில்தான்.

ஹெப்சிடின் என்ற இயக்குநீரைக் கல்லீரல் சுரக்கிறது. இது 2000 ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில்தான் கண்டறியப்பட்டது. உடலில் இரும்பு போதுமான அளவில் இருந்தால் ஹெப்சிடின் கூடுகிறது. குடலின் உயிரணுவுக்குள் வந்துவிட்ட இரும்பும் இரத்தத்துக்குச் செல்லாமல் தடுக்கப்பட்டு, அந்த உயிரணு உதிரும்போது மலத்தோடு போய்விடுகிறது. உடலில் தொற்றோ அழற்சியோ இருந்தாலும் ஹெப்சிடின் கூடும். கிருமிகளுக்கும் இரும்பு தேவை என்பதால் உடல் அதை மறைத்து வைக்கிறது என்று ஆய்வாளர்கள் விளக்குகின்றனர். அடிக்கடி நோய்வாய்ப்படும் குழந்தைக்கு இரும்புச்சத்து கொடுத்தும் அது சேராமல் போவதற்கு இது ஒரு காரணம்.

எந்த உணவிலிருந்து வருகிறது என்பதும் முக்கியம். இறைச்சியிலும் மீனிலும் இரத்தப் புரதத்தோடு பிணைந்துள்ள இரும்பு எளிதில் உறிஞ்சப்படுகிறது. தானியங்கள், பருப்புகள், கீரைகள் ஆகியவற்றில் உள்ள இரும்பை அவற்றிலேயே இருக்கும் பைட்டேட் முதலான பொருட்கள் பிடித்து வைத்துக்கொள்கின்றன. தேநீரிலும் காப்பியிலும் உள்ள துவர்ப்புப் பொருட்களும் அவ்வாறே செய்கின்றன. உணவோடு தேநீர் அருந்தாமல் ஒரு மணி நேரம் கழித்து அருந்துவதால் மட்டுமே கணிசமான வேறுபாடு ஏற்படுகிறது. எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா போன்றவற்றிலுள்ள உயிர்ச்சத்து சி இரும்பை உறிஞ்சத்தக்க வடிவத்தில் வைத்திருக்கிறது. தானியங்களையும் பயறுகளையும் ஊற வைப்பதும், முளை கட்டுவதும், மாவைப் புளிக்க வைப்பதும் பைட்டேட்டைக் குறைக்கின்றன.

2019 முதல் 2021 வரை நடைபெற்ற இந்திய தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தச் சோகை இருந்தது. அரசு பல ஆண்டுகளாக மாத்திரைகளை வழங்கி வரும் நாடு அது. இரத்தச் சோகை அனைத்துக்கும் இரும்புக் குறைபாடே காரணம் என்று கூறிவிட முடியாது. ஆனால் மாத்திரை எவ்வாறு கொடுக்கப்படுகிறது என்பதும் ஆராயப்பட வேண்டியதாகிறது. ஒரு மாத்திரை உட்கொண்டவுடன் ஹெப்சிடின் கூடி, ஏறக்குறைய ஒரு நாள் வரை அப்படியே இருக்கிறது. எனவே மறுநாள் உட்கொள்ளும் மாத்திரை அடைத்த கதவையே சந்திக்கிறது. இரும்புக் குறைபாடுள்ள பெண்களிடையே சூரிச் நகர ஆய்வாளர்கள் நடத்தி 2017 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாத்திரை எடுத்தவர்களின் உடலில் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கூடுதலான இரும்பு சேர்ந்தது. கர்ப்பிணிகளுக்கும் கடும் சோகை உள்ளவர்களுக்கும் இது அப்படியே பொருந்தும் என்று கொள்ள முடியாது. மருத்துவரைக் கேளாமல் மாற்றிக்கொள்ளத்தக்கதும் அல்ல.

சுவரே பழுதடைந்தால்

1960களில் கிழக்குப் பாகிஸ்தானில் பணியாற்றச் சென்ற அமெரிக்கத் தன்னார்வத் தொண்டர்களின் சிறுகுடலிலிருந்து எடுக்கப்பட்ட திசுக்கள் மருத்துவர்களை வியப்பில் ஆழ்த்தின. நன்கு உண்டு வந்த அந்த இளைஞர்களின் குடலுறிஞ்சிகள் குட்டையாகி, தட்டையாகியிருந்தன. நாடு திரும்பிய பின் காலப்போக்கில் அவை இயல்பு நிலைக்கு வந்தன. பழுது அவர்களது உடலில் இல்லை, அவர்கள் வாழ்ந்த சூழலில் இருந்தது என்பது இதிலிருந்து தெரிந்தது. அதே காலகட்டத்தில் தமிழகத்தின் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கரும் மாத்தனும், சுற்றுவட்டாரக் கிராமங்களில் கொள்ளை நோய் போலப் பரவிய ஸ்புரூ என்ற உறிஞ்சற் குறைபாட்டு நோயை ஆராய்ந்தனர்.

சுகாதாரமற்ற சூழலில் பிறந்து வளரும் குழந்தையின் குடல், பேதி எதுவும் வெளிப்படையாக இல்லாதபோதும், மலக் கிருமிகளின் தொடர்ந்த தாக்குதலால் அழற்சியுற்றிருக்கிறது. உறிஞ்சும் பரப்பு குறைகிறது. சுவரில் கசிவு ஏற்படுகிறது. உண்ட உணவின் ஒரு பகுதி வளர்ச்சிக்குப் போகாமல் கிருமிகளோடு போராடுவதில் செலவாகிறது. வேலூர், டாக்கா உள்ளிட்ட எட்டு நாடுகளின் எட்டு இடங்களில் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஒரு பெரிய ஆய்வு, நோய் அறிகுறி இல்லாத குழந்தைகளின் குடலிலும் இத்தகைய கிருமிகள் மலிந்திருப்பதையும், அவை வளர்ச்சிக் குறைவோடு தொடர்புடையனவாக இருப்பதையும் காட்டியது. 2022 ஆம் ஆண்டில் உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட 14 கோடியே 80 இலட்சம் குழந்தைகள் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர் என்று ஐ.நா. அமைப்புகள் மதிப்பிட்டன.

அப்படியானால் கழிப்பறையும் தூய நீரும் கொடுத்தால் குழந்தைகள் வளர்வார்களா? பங்களாதேஷ், கென்யா, ஜிம்பாப்வே ஆகிய நாடுகளில் ஆயிரக்கணக்கான குடும்பங்களிடையே இது சோதிக்கப்பட்டது. 2018, 2019 ஆம் ஆண்டுகளில் வெளியான முடிவுகள் பலருக்கு ஏமாற்றமளித்தன. கூடுதல் ஊட்டம் பெற்ற குழந்தைகளின் உயரம் சிறிதளவு கூடியது. கழிப்பறை, கைகழுவல், நீர்ச் சுத்திகரிப்பு ஆகியவற்றால் உயரத்தில் வேறுபாடு ஏற்படவில்லை. சுகாதாரம் தேவையில்லை என்று இதற்குப் பொருள் கொள்வது தவறு. வீட்டுக்கு ஒரு கழிப்பறை என்ற அளவிலான ஏற்பாடுகள், தவழும் குழந்தையின் வாய்க்குக் கிருமிகள் செல்வதைத் தடுக்கப் போதுமானவையாக இல்லை என்றே அந்த ஆய்வுகளை நடத்தியவர்கள் கருதுகின்றனர்.

வேறொரு வழி டாக்காவிலேயே முயன்று பார்க்கப்படுகிறது. 1968 இல் உப்பு சர்க்கரைக் கரைசலைச் சோதித்த ஆய்வுக்கூடம் இன்று வயிற்றுப்போக்கு நோய்களுக்கான பன்னாட்டு ஆய்வு மையமாக வளர்ந்திருக்கிறது. அங்குள்ள தஹ்மீத் அகமதும் அமெரிக்காவின் ஜெஃப்ரி கார்டனும், குடலில் வாழும் நன்மை தரும் நுண்ணுயிர்களை வளர்க்கும் நோக்கோடு கொண்டைக்கடலை, நிலக்கடலை, சோயா மாவு, வாழைக்காய் ஆகியவற்றைக் கொண்டு ஓர் உணவைத் தயாரித்தனர். டாக்காவின் மீர்பூர் சேரியைச் சேர்ந்த, ஒன்று முதல் ஒன்றரை வயது வரையிலான, எடை குறைந்த குழந்தைகளுக்கு அது மூன்று மாதங்கள் கொடுக்கப்பட்டது. வழக்கமான ஊட்ட உணவைவிடக் குறைந்த கலோரி கொண்டிருந்தும் இந்த உணவை உண்ட குழந்தைகளின் எடை விரைவாகக் கூடியது என்று 2021 ஆம் ஆண்டில் வெளியான அவர்களது ஆய்வறிக்கை தெரிவித்தது. ஏறக்குறைய 120 குழந்தைகளை மட்டுமே கொண்ட ஆய்வு அது.